கச்சான் விழுந்தால் கொண்டல் எழும்பும்

புதன்

வெலிகந்தை தாண்டும்போது விடிந்துவிட்டது. எங்கள் வான் வண்டிக்குப் பின்னால் டிரெய்லரில் இரண்டு என்டர்பிரைஸ் பாய்மரப் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று. கூரையில் ஒரு லேசர், ஒருவர் மட்டும் ஓட்டும் சின்னப் படகு, குப்புறக் கிடக்கிறது. பாய்மரங்கள் முன்னுக்கும் பின்னுக்கும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. புணானையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது கடைக்கார ஐயா எழும்பி வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"மீன் பிடிக்கவா தம்பி?"

"இல்லை ஐயா, சும்மா ஓட."

"சும்மா ஓடக் கொழும்பில தண்ணி இல்லையா?"

இருக்கிறது. பொல்கொடை வாவியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிறோம். எங்கள் போட்டியைப் பெரிய போட்டி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பரிசு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், சில வாரம் அதுவும் இல்லை. ஒரே வாவி, ஒரே மிதவைகள், பெரும்பாலும் ஒரே ஆட்கள். ஆனாலும் சனி இரவே காற்று எப்படி இருக்கும் என்று போனில் பார்க்கத் தொடங்கிவிடுவேன். என்னிடம் படகு கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. படகு வைத்திருப்பவர்களுக்கு எப்போதும் ஆள் பஞ்சம் என்பதுதான் இந்த விளையாட்டின் பெரிய இரகசியம். என்டர்பிரைஸுக்கு இரண்டு பேர் வேண்டும். முன்பாயைப் பிடிக்க ஒருவன் வருகிறானா, சொன்னதைச் செய்கிறானா, நனைந்தால் முகம் சுளிக்காமல் இருக்கிறானா, அவ்வளவுதான் தகுதி. டொரோண்டோவில் இருக்கும் மச்சான் ஒருவன் ஒன்டாரியோ ஏரியில் புதன் மாலைகளில் இப்படித்தான் ஓடுகிறான். வேலை முடிந்து நேரே போய் யாருடைய படகிலோ ஏறி விளிம்பில் உட்கார்ந்து பாரமாக இருப்பது அவன் பதவி. "மனிச மூட்டை" என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான். சந்தோஷமாகத்தான் சொல்கிறான்.

எங்கள் படகின் சுக்கான் அண்ணன் கையில். சொந்த அண்ணன் இல்லை, ஆனால் படகில் அவர் போடும் சத்தத்துக்குச் சொந்தமாக இருந்தாலும் தகும். மட்டக்களப்புக் கல்லடியில் பிறந்து வளர்ந்தவர். "இந்த ஆத்தில நீந்தியிருக்கன், வலை இழுத்திருக்கன், பாய் விரிச்சு ஓடினது மட்டும் இல்ல" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். புத்தகத்தில் மட்டக்களப்பு வாவி என்று இருந்தாலும் ஊர் வாயில் அது ஆறுதான். ஏறாவூர்ப் பக்கம் தொடங்கிக் கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீட்டர். கடலுக்குச் சமாந்தரமாக, நடுவில் ஒரு மணல் நாடா மட்டும் விட்டு நீண்டு கிடக்கிறது.

மாலையில் கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே படகுகளை இறக்கினோம். என்டர்பிரைஸின் பாய் நீல நிறம். ஜாக் ஹோல்ட் 1956இல் அதை வரைந்த காலந்தொட்டு அந்த நீலம் அதன் அடையாளம். பாயை ஏற்றியதும் கரையில் நின்ற பொடியன்கள் கையைத் தட்டினார்கள். காற்று அதற்குள் செத்துவிட்டது. நீலப்பாய் தொங்கிக்கொண்டு நிற்க, நாங்கள் புட்டும் மீன் ஆணமும் சாப்பிடப் போனோம்.

வியாழன்

கச்சான் காற்று என்றால் இப்படித்தான் என்று யாராவது முதலே சொல்லியிருக்கலாம். ஆடி மாதக் கச்சான் மேற்கே மலைநாட்டில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் சூடாக இறங்கி வருகிறது. காலை எட்டு மணிக்கெல்லாம் தொடங்கிவிட்டது. படுவான்கரையிலிருந்து, அதாவது மேற்குக் கரையிலிருந்து, வருகிற காற்று ஒரு சீராக இல்லை. இரண்டு நிமிடம் படகு நிமிர்ந்து நிற்கும், அடுத்த நிமிடம் ஒரு அடி அடித்துச் சாய்க்கும். தண்ணீரில் கறுப்புத் திட்டுகள் ஓடி வருவதைப் பார்த்துத்தான் அடுத்த அடி எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும். பொல்கொடையிலும் அதே பாடம்தான், ஆனால் அங்கே மரங்களும் வீடுகளும் காற்றை மறைக்கும். இங்கே ஒரு மறைப்பும் இல்லை.

எங்களுக்குள் ஒரு சின்னப் போட்டி வைத்தோம். பாய்மரப் போட்டியில் எனக்குப் பிடித்தது கடைசிக் கோடு இல்லை, தொடக்கக் கோடுதான். ஓட்டப்பந்தயம் மாதிரி எல்லாரும் கோட்டில் நின்றுகொண்டிருக்க முடியாது. படகுக்குப் பிரேக் கிடையாதே. ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு ஊதல், ஒரு கொடி. நான்கில் இன்னொரு கொடி. ஒன்றில் அது இறங்கும். பூச்சியத்தில் போகலாம். அந்த ஐந்து நிமிடமும் கோட்டுக்குப் பின்னால் எல்லாரும் சுற்றிக்கொண்டு, ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு, இடம் பிடித்துக்கொண்டு, பூச்சியத்தில் முழு வேகத்தோடு கோட்டில் இருக்க வேண்டும். முந்தினால் திரும்பிப் போய் மறுபடி தொடங்க வேண்டும். பிந்தினால் முன்னால் போகிறவன் கலக்கிவிட்ட காற்றுதான் மிச்சம். அலுவலகத்தில் வாய் திறக்காத மனிதர்கள் அந்த ஐந்து நிமிடத்தில் போடும் கூச்சலைக் கேட்க வேண்டும்.

கரையில் அண்ணி விசில் ஊதினார். சரியாக நான்காவது நிமிடத்தில் பாண் விற்கும் ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் வந்தது. விசில் யாருக்கும் கேட்கவில்லை. லேசரில் இருந்த அண்ணனின் மகள் மட்டும் கைக்கடிகாரத்தை நம்பினாள். அவள் கோட்டைத் தாண்டி ஐம்பது மீட்டர் போன பிறகுதான் நாங்கள் வெளிக்கிட்டோம்.

விதிகள் கேட்பதற்குப் பயங்கரமாக இருக்கும், தண்ணீரில் தேவைப்படுவது இரண்டு மூன்றுதான். வலப் பக்கத்தில் காற்று வாங்கி ஓடுகிறவனுக்கு இடப் பக்கத்தில் வாங்குகிறவன் வழி விட வேண்டும். இருவரும் ஒரே பக்கம் வாங்கினால், காற்று வரும் திசைக்குக் கிட்ட இருப்பவன் விலக வேண்டும். மிதவையில் முட்டினால் தண்டனையாகப் படகு தன்னைத்தானே ஒரு முழுச் சுற்று, ஆளுக்கு வழி விடாமல் போனால் இரண்டு சுற்று. நடுவர் பார்க்க வேண்டியதில்லை. பிழை விட்டவன் தானே சுற்றிவிட்டு வர வேண்டும். சின்ன வயதில் கிரிக்கெட்டில் அவுட் என்று ஒத்துக்கொண்ட ஒருவனையும் நான் கண்டதில்லை. இங்கே காண்கிறேன்.

பதினொரு மணிக்கு மற்ற என்டர்பிரைஸ் கவிழ்ந்தது. அதில் காத்தான்குடிக் காக்காவும் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) மொரட்டுவை நண்பரும். கவிழ்வது பெரிய விஷயமில்லை. படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தால் படகு எழும்பிவிடும். ஆனால் இந்த ஆறு ஆழமில்லாதது. தலைகீழாகப் போன படகின் பாய்மர நுனி போய்ச் சேற்றில் குத்திக்கொண்டது. அப்படியே நிமிர்த்தினால் மரம் வளைந்துவிடும். இரண்டு பேரும் தண்ணீரில் நின்று அணியத்தைப் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பி, மரத்தைச் சேற்றிலிருந்து உருவி எடுக்க அரை மணி நேரம். நிமிர்ந்து வந்தபோது நீலப்பாயின் மேல் முழம் முழுக்கக் கறுப்புச் சேறு, அதில் ஒரு சிப்பி ஒட்டிக்கொண்டு இருந்தது.

இதையெல்லாம் தன் தோணியில் இருந்தபடி ஒரு பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார். உரப் பைகளைத் தைத்து ஒரு பாய், மூங்கில் கம்பு ஒன்றில். கிட்ட வந்து சொன்னார்:

"கச்சானோட ஏன்கா மல்லுக்கட்டுறீங்க? ஒரு மணி, ஒன்றரைக்கு இது விழும். மறுகா கொண்டல் எழும்பும். நடுவில ஒள்ளுப்பம் சும்மா இருக்கும். அப்ப சோறு தின்னணும்."

ஒன்று இருபதுக்கு விழுந்தது. சோறு தின்றோம். இரண்டரைக்குக் கடல் பக்கமிருந்து குளிர்ச்சியாக, ஒரே சீராகக் கொண்டல் காற்று வந்தது.

வெள்ளி

வடக்கே, பாலமீன்மடு. கல்லடிப் பாலத்தின் கீழே போகப் பாய்மரத்தைச் சாய்க்க வேண்டியிருந்தது. 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்கு லேடி மானிங் பாலம் என்று பெயர், அப்போதைய ஆளுநரின் மனைவி பெயர். 2013இல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்த பிறகு, பழையதில் நடந்துபோகிறவர்களும் சைக்கிள்காரரும்தான். துடுப்பு வலித்துக் கீழே போகும்போது மேலே ஒருவர் தூண்டிலை இழுத்துக்கொண்டு, "மரத்த முறிச்சுப் போட்டீங்களா?" என்று அனுதாபப்பட்டார்.

அந்தப் பக்கம் போனதும் மறுபடி நிமிர்த்தி ஓடினோம். வலது கைப் பக்கம் நாவலடி. 2004 டிசம்பர் 26 அன்று கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே நின்ற அந்த மணல் துண்டை அலை அப்படியே தாண்டிப் போனது. அண்ணன் அந்த இடத்தில் பேசவில்லை. நானும் முன்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சவீடு 1913ஆம் ஆண்டுக்காரன், 28 மீட்டர் உயரம். முகத்துவாரம் இந்த நாட்களில் மணலால் மூடிக் கிடக்கிறது. மாரி மழையில் ஆறு நிரம்பினால் மணலை வெட்டிவிடுவார்கள். சதுப்பில் நிற்கும் கண்ணா மரங்களுக்குள் போய்ப் படகைக் கட்டிவிட்டுக் கரையில் இறங்கலாம் என்றேன். அங்கே நின்ற ஒருவர், "முதல கிடக்கும், பார்த்து இறங்குங்க" என்றார். நான் இறங்கவில்லை. காக்கா ஜும்ஆவுக்குக் காத்தான்குடி போய்விட்டதால் மற்றப் படகை மொரட்டுவை நண்பர் தனியாகவே ஓட்டினார். முன்பாயைச் சுருட்டிவிட்டு மெயின் பாய் மட்டும். எங்களைவிட நிம்மதியாக இருந்தார்.

இரவு பாலத்தடியில் படகை நிறுத்திவிட்டு, இந்த ஆற்றுத் தண்ணீருக்கடியில் பாடுவதாகச் சொல்லும் பாடும் மீனைக் கேட்கப் பார்த்தோம். 1848இல் பிரிட்டிஷ் அதிகாரி எமர்சன் டெனன்ட் இங்கே வந்து ஓடத்தில் போய்க் கேட்டிருக்கிறார். ஓடத்தின் மரத்தில் காதை வைத்தால் சத்தம் கூடியது என்று எழுதியிருக்கிறார். மீனவர்கள் அது ஊரி என்கிற சின்னச் சங்கின் சத்தம் என்றார்களாம். நிலா நிறையும் நாளை அண்டித்தான் கேட்கும் என்பது ஊர்க் கதை. நாங்களும் நடுப்பலகைப் பெட்டியில் காதை வைத்துக் கிடந்தோம். எனக்கு மீன் கேட்கவில்லை. பாலத்தில் போன பஸ் ஒவ்வொன்றும் கேட்டது.

சனி

இன்று போட்டி இல்லை, பயணம். தெற்கே போக வேண்டும், போகிற இடத்தில் தங்க வேண்டும், மறுநாள் வர வேண்டும். நீர் புகாத பீப்பா ஒன்றில் மாற்றுடுப்பு, போன், பவர் பாங்க். இன்னொன்றில் பாண், வாழைப்பழம், கச்சான் கடலை. தண்ணீர் மட்டும் எவ்வளவு எடுத்தாலும் காணாது.

எங்கள் கிளப்பில் இரண்டு சாதி உண்டு. போட்டிக்காரருக்குப் பயணக்காரர் சோம்பேறிகள். பயணக்காரருக்குப் போட்டிக்காரர் பைத்தியங்கள். நான் கொஞ்சம் பைத்தியத்தின் பக்கம். இன்று அதற்கு ஒரு காரணம் கிடைத்தது. காலையில் கச்சான் தென்மேற்காக இருந்தது, நாங்கள் போக வேண்டியதும் தெற்கே. பாய்மரப் படகு காற்றுக்கு நேரே போகாது. ஏறத்தாழ 45 பாகை விலகி ஒரு பக்கம் ஓடி, திரும்பி மறுபக்கம் ஓடி, இப்படி வளைந்து வளைந்துதான் ஏற முடியும். போட்டி ஓடாதவர் ஒரே பக்கம் நீளமாக ஓடிக் கரையைக் கண்ட பிறகு திரும்புவார். போட்டி ஓடியவருக்குக் காற்று ஐந்து பாகை மாறினாலே உடம்பு அறியும், அந்த இடத்திலேயே திரும்பிவிடுவார். மண்முனைப் பாலத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்து, மரத்தைச் சாய்த்து, கரையில் பிளேன்டீ வாங்கிக் குடித்து முடித்த பிறகுதான் இரண்டாவது படகு வந்தது. அதை அன்று ஓட்டியவர் அண்ணனின் மைத்துனர். நல்ல நீச்சல்காரர், போட்டி ஓடாதவர். வந்தவர் சொன்னார்: "நாங்க கூழைக்கடா பார்த்தம். நீங்க என்னத்தப் பார்த்தீங்க?"

பதில் இல்லை. பாயின் விளிம்பில் ஒட்டியிருக்கும் கம்பளி நூலைத்தான் பார்த்தேன். அது நேராகப் பறந்தால் பாய் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றரை மணி நேரம் ஒரு நூல்.

மண்முனையில் 2014இல் பாலம் வரும்வரை பாதைதான் ஓடியது, அதாவது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கும் தட்டைப் படகு. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே ஆட்களும் மோட்டார் சைக்கிளும் நெல் மூட்டையும் அதில்தான் ஏறிக் கடந்தன. தேநீர்க் கடையில் இருந்த ஒரு அம்மா எங்கள் பாய்களைப் பார்த்துவிட்டு, "அப்பயெல்லாம் ஆத்தக் கடக்கிறதே பெரிய பாடு. இப்ப விளையாட்டுக்குக் கடக்கிறீங்க, நல்லம்தானே" என்றார். எந்த "அப்ப" என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

பாலத்துக்குத் தெற்கே ஆழம் இன்னும் குறைந்தது. இங்கேதான் என்டர்பிரைஸ் தன் குணத்தைக் காட்டியது. அதன் நடுப்பலகை ஒரு ஆணியில் சுழலும். சேற்றில் பட்டால் தானே மேலே மடங்கும், படகு உரசிக்கொண்டு போய்விடும். லேசரின் பலகை நேரே கீழே செருகுவது. பட்டால் படகு அந்த இடத்திலேயே நிற்கும், ஆள் மட்டும் முன்னால் போவார். பிள்ளை மூன்றாவது முறை முன்னால் போனபோது அண்ணன் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவள் பலகையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, பக்கவாட்டில் வழுக்கி வழுக்கி வந்தாள்.

மாலை அம்பிளாந்துறையில் சொந்தக்காரர் வீடு. குருக்கள்மடத்துக்குப் போகும் பாதை வருகிற துறைக்குப் பக்கத்தில் படகுகளை ஏற்றிவைத்தோம். நண்டுக் கறி, சட்டித் தயிர், பாணி. சாப்பாட்டுக்குப் பிறகு வியாழக்கிழமைத் தொடக்கத்தைப் பற்றி வழக்கு. தயிர்ச்சட்டிதான் மிதவை. கொச்சிக்காய்கள் படகுகள், சிவப்பு எங்களுடையது. "இந்த இடத்தில நான் வலப் பக்கக் காத்தில வந்தன்" என்று காக்கா ஒரு பச்சைக் கொச்சிக்காயை நகர்த்துவார். "அது அந்த இடம் இல்ல, இந்த இடம்" என்று அண்ணன் அதைப் பின்னுக்குத் தள்ளுவார். வீட்டுக்கார மாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் காணி வழக்கா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

ஞாயிறு

காலையில் கச்சான் முதுகில் வர, விறுவிறென்று கல்லடி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அவ்வளவு சுகமாக இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு கொண்டலில் பெரிய போட்டி. தோணிப் பெரியப்பாவையும் கூப்பிட்டிருந்தோம். அவர் பேரனோடு வந்தார். இங்கே அண்ணனின் கணக்கு மூளை வேலை செய்தது. வெவ்வேறு வகைப் படகுகளை ஒன்றாக ஓடவிட இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் எண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வேகமான படகுக்குச் சின்ன எண், மெதுவானதுக்குப் பெரிய எண். எடுத்த நேரத்தை எண்ணால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் திருத்திய நேரம். லேசருக்கு 1100 அளவில், பிள்ளைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்டுக்கு 1600க்கு மேல். 1100 படகு 55 நிமிடத்திலும் 1600 படகு 80 நிமிடத்திலும் வந்தால் இரண்டுக்கும் அதே 50. பத்து வயதுப் பிள்ளை கடைசியாக வந்து கிண்ணத்தைக் கொண்டுபோவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பணம் உள்ளவன் புதுப் படகு வாங்கி வந்தாலும், பழைய படகை நன்றாக ஓட்டுகிறவனை அதனால் மட்டும் வெல்ல முடியாது. இந்தக் கிளப் போட்டிகள் இத்தனை காலம் நின்று பிடிப்பது இந்தக் கணக்கால்தான் என்பது என் கட்சி.

அதையே திருப்பிப் போட்டு, மெதுவானவன் முன்னால் வெளிக்கிட, வேகமானவன் துரத்திப் பிடிக்கிற போட்டியும் உண்டு. கடைசிக் கோட்டுக்கு முதலில் வருகிறவனே முதலாவது. பார்க்கிறவர்களுக்கும் விளங்கும். என்டர்பிரைஸுக்கும் லேசருக்கும் ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடம்தான் வித்தியாசம். தோணிக்கு எந்தப் புத்தகத்தில் எண் பார்ப்பது? பேரம் பேசி இருபது நிமிடம் என்று முடிவானது. காற்றில்லாத பக்கம் வலிக்கலாமா என்று அடுத்த பிரச்சினை. விதிப்படி பாய்மரப் போட்டியில் துடுப்பு ஆகாது. பெரியப்பா சிரித்தார். "காத்துக்கு எதிர இது போகாது மனே. வலிக்காம நான் படுவான்கரையில கிடக்கிறதா?" விதி தள்ளுபடி.

கோடு கல்லடிக் கரையில், மிதவை மேற்குக் கரைக்குக் கிட்ட, இரண்டு சுற்று. உரப்பைப் பாயில் தோணி முதுகுக் காற்றோடு போன வேகத்தைப் பார்த்து இருபது நிமிடம் கூடிவிட்டதோ என்று அண்ணன் முணுமுணுத்தார். நாங்கள் வெளிக்கிடும்போது அவர் மிதவையைச் சுற்றிப் பாயைச் சுருட்டிவிட்டார். அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நாங்கள் வளைந்து வளைந்து ஏற வேண்டிய வழியில், அவரும் பேரனும் துடுப்பில் நேர்கோட்டில் வந்தார்கள். ஆழம் குறைந்த இடத்தில் கம்பு ஊன்றினார்கள். இரண்டாவது சுற்றில் மிதவைக்குக் கிட்டத்தான் லேசர் அவர்களைப் பிடித்தது. பிள்ளை தாண்டிப் போகும்போது பெரியப்பா கையைக் காட்டி வாழ்த்தினார்.

அடுத்தது நாங்கள் பிடிக்க வேண்டிய முறை. வலைகளின் மிதப்புகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி அறுபது மீட்டர் அளவுக்குக் கிட்ட வந்துவிட்டோம். திடீரென்று தோணி நின்றது. பெரியப்பா குனிந்து எதையோ இழுக்கிறார். அவருடைய வலைதான். ஒரு மிதப்பு அமிழ்ந்து கிடந்ததைக் கண்டிருக்கிறார். போட்டி நடுவே, ஆற அமர, வலையைத் தூக்கி, சிக்கெடுத்து, நாலைந்து ஓரா மீனைத் தோணிக்குள் போட்டார். நாங்கள் தாண்டிப் போனோம். அண்ணனுக்கு வெற்றி மாதிரியே இல்லை.

முதலாவது லேசர், இரண்டாவது நாங்கள். மூன்றாவது தோணி. கடைசி வளைவில் காக்காவின் படகு காற்றில்லாத ஒரு ஓட்டைக்குள் விழுந்து நின்றுவிட்டது.

கரையில் பெரியப்பா முறைப்பாடு வைத்தார். வலை பார்த்த நேரத்தைக் கழிக்க வேண்டும், கழித்தால் தான்தான் இரண்டாவது. பந்தயத்தில் உதவிக்காக நின்றவருக்கு இழந்த நேரத்தைக் கொடுக்க விதியில் இடம் உண்டு என்று காக்கா ஆதரித்தார். மூன்றாமிடம் எப்படியும் தனக்கில்லை என்பதால் தாராளமாக ஆதரித்தார். "அது ஆளைக் காப்பாத்த நின்றாத்தான். மீனைக் காப்பாத்த இல்ல" என்றார் அண்ணன். "மீனை நான் காப்பாத்தல்லயே" என்றார் பெரியப்பா.

ஓரா பொரியலானது. வழக்கு முடியவில்லை.

திங்கள்

சேறு கழுவவே பத்து மணியாகிவிட்டது. உப்பும் சேறும் காய்ந்தால் கப்பிகள் இறுகிவிடும், பாய் மடிப்பில் பூஞ்சணம் பிடிக்கும். நல்ல தண்ணீரில் எல்லாவற்றையும் அலசிக் காயப்போட்டோம். இந்த வேலையைப் பற்றி யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை, ஆனால் ஓடுகிற நேரத்தில் பாதி இதற்கே போகும். சேர நினைப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும். மற்றப்படி நீச்சல், உயிர்காப்பு அங்கி, வெயிலுக்கு நீளக்கைச் சட்டை, இவை போதும். படகு மற்றவருடையது.

டிரெய்லரைக் கட்டிக்கொண்டிருக்கும்போது பெரியப்பாவின் பேரன் வந்தான். லேசரின் விளிம்பைத் தட்டிப் பார்த்தான், பலகையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அக்கா, நம்மட தோணியில இப்படி ஒரு பலகை வச்சா அதுவும் காத்துக்கு எதிர ஏறுமா?"

ஏறும் என்றாள் அண்ணனின் மகள். அடியில் ஓட்டை போட வேண்டியதில்லை, பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டாலே காணும் என்று மணலில் வரைந்து காட்டத் தொடங்கினாள். அண்ணன் வான் வண்டியிலிருந்து ஹோர்ன் அடித்தார். "அவனுக்குச் சொல்லிக் குடுக்காத பிள்ள, அடுத்த முறை இருபது நிமிஷமும் கேப்பான், பலகையும் வைப்பான்."

"இருபத்தஞ்சு" என்றான் பேரன்.